வடிவாம்பாளின் பக்கம்

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தைக் குறை சொல்லிவிட்டுச் சிக்கல், திருவாரூர் பக்கம் தலைகாட்ட முடியாது. மதுரை சேதுராமன் - பொன்னுசாமி நாயனத்தில் எனக்கும் குறையில்லை. இன்றும் கேட்டால் சிலிர்க்கிறது. ஏமாற்றம் நாட்டியக்காரி நாயகியின் தாயார் வடிவாம்பாளிடம்தான். பணக்காரர் பெயர் காதில் விழுந்ததுமே வடிவாம்பாளாக வரும் சி.கே. சரஸ்வதியின் முகம் மலர்கிறது, நாமும் சிரித்துவிடுகிறோம். (என்ன நடிகை!) ஆனால் அந்த ஆசைக்குப் பின்னால் பயம் இருந்திருக்காதா? பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947-லேயே ஒழித்துவிட்டது. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் இந்தக் கதையை எழுதியது அதற்குப் பிறகுதான். சதங்கையை நம்பியே உலை வைத்த வீடு அது. மகளின் கால் ஓய்ந்தால் நாளைக்கு என்ன என்று அவள் கணக்குப் போட்டது குற்றமா? இயக்குநர் ஏ.பி. நாகராஜன் அவளைச் சூழ்ச்சிக்கார வைத்தியின் கூட்டாளியாக்கியதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த முறை டி.வி.யில் போடும்போது அந்த அம்மாளையும் கொஞ்சம் கவனியுங்கள்.