இரட்டை விசைப் படகு: வாங்கலாமா, வேண்டாமா?

எண்ணெயிலும் ஓடி, மின்சாரத்திலும் ஓடும் கார்கள் இன்று பல நாடுகளில் விற்பனையாகின்றன. இரவில் வீட்டு மின் இணைப்பிலிருந்து பேட்டரியை நிரப்பிக்கொண்டால் பகலில் அது வண்டியை இழுக்கும்; தீர்ந்துபோனால் எஞ்சின் கைகொடுக்கும். சீனத்து பிஒய்டி நிறுவனம் 2008 டிசம்பரிலேயே இத்தகைய காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழவேற்காட்டுக் குப்பங்களில் வாழும் நம் அங்கத்தினருக்குக் கார் எட்டாத பொருள். ஆயினும் இதே ஏற்பாடு படகுக்கும் பொருந்துமன்றோ? அப்படியொரு படகை வாங்கலாமா என்பதே நாம் ஆராய வேண்டியது.

இது வெறுங்கனவன்று. 2017-இல் கேரளத்தின் வைக்கத்தில் சூரிய ஒளியால் இயங்கும் ‘ஆதித்யா’ என்னும் பயணப் படகு ஓடத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர்வழி மெட்ரோவின் படகுகள் பேட்டரியில் ஓடுகின்றன. அவசரத்திற்கு டீசல் ஜெனரேட்டரும் அவற்றில் உண்டு. ஆனால் அங்கே துறைதோறும் நிற்கும் பயணப் படகிற்கு மின்னேற்ற வசதி உண்டு. வலை வீசப் போகும் நம் படகின் நிலை வேறு.

கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ ஒன்பது யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. சிறு எஞ்சின் அதில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுமையாக வேலைக்குத் தருவதில்லை. எஞ்சியது வெப்பமாகிப் போகிறது. ஆகவே கரையில் ஏற்றும் மூன்று யூனிட் மின்சாரம் ஒரு லிட்டர் எண்ணெயின் வேலையைச் செய்துவிடும். லிட்டர் 100 ரூபாய், யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு மிச்சம் 70 ரூபாய். நாளொன்றுக்கு 4 லிட்டர், ஆண்டில் 200 நாள் தொழில் என்றால் மிச்சம் 56,000 ரூபாய். மானிய விலையில் மண்ணெண்ணெய் பெறுவோருக்கு இத்தொகை இன்னும் குறையும்.

இனிக் கடனுக்கு வருவோம். இப்படகிற்காகக் கூடுதலாக 3 லட்சம் ரூபாய் செலவாவதாகக் கொள்வோம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் வாங்கினால் ஆண்டு வட்டி மட்டும் 72,000 ரூபாய். மிச்சம் முழுவதையும் கொட்டினாலும் கடன் வளருமேயன்றித் தீராது. ஒரு ரூபாய் வட்டியானால் தீர ஒன்பது ஆண்டுகள். அதற்குள் பேட்டரியே முதுமை அடைந்துவிடலாம். ஐம்பது காசு வட்டியானால் ஏழு ஆண்டுகளுக்குள் தீரும். படகு ஒன்றே, கடலும் ஒன்றே. லாபத்தையும் நஷ்டத்தையும் வட்டிதான் தீர்மானிக்கிறது.

நிற்க. எல்லாப் படகிற்கும் இது தேவைதானா? பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. நான்கு லிட்டருக்கு ஈடான பேட்டரி ஏறத்தாழ நூறு கிலோ கனக்கும். ஆழமற்ற நீரில் அதனையும் எஞ்சினையும் சேர்த்துச் சுமப்பது வீண் பாரம். ஏரியில் பாட்டு முறைப்படி அருகிலேயே தொழில் செய்வோருக்குக் கழியும் பாயும் போதும். வேண்டுமானால் சிறு பேட்டரி மோட்டார் ஒன்றே போதும். கடலுக்குச் செல்வோர் நிலை வேறு. மணல் தூர்ந்து குறுகும் இயல்புடைய முகத்துவாரத்தில், நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பும்போது விசை நின்றால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு இரண்டாம் விசை ஆடம்பரமன்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இத்தகைய கார்கள் சாலையில் வெளியிட்ட கரியமில வாயு, சான்றிதழில் கண்ட அளவைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. எதிர்பார்த்த அளவு மின்னேற்றம் செய்யாமல் எண்ணெயிலேயே ஓட்டியதே முக்கிய காரணம். கரையில் மின்னேற்ற வசதி இல்லாத குப்பத்திலும் இதுவே நிகழும்.

ஆகவே எம் கருத்து இது: எந்த அங்கத்தினரும் தனியாகக் கடன்பட்டு இதனை வாங்க வேண்டாம். கடல் தொழிலுக்கென ஒரு படகைச் சங்கமே வாங்கி, துறையில் தனி மீட்டருடன் மின் இணைப்புப் பெற்று, ஓராண்டு முறை வைத்து ஓட்டிப் பார்க்கட்டும். ஏற்றிய யூனிட், எரித்த லிட்டர், பழுதாகி நின்ற நாள், உப்புக் காற்றால் நேர்ந்த சேதம் யாவும் பேரேட்டில் ஏறட்டும். ஆண்டு முடிவில் பொதுக்குழு அக்கணக்கைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

விசைத்தறி வாங்க நினைக்கும் நெசவாளரும், பம்புசெட்டு மாற்ற எண்ணும் உழவரும் இதே வழியைப் பின்பற்றலாம். விற்பவர் இயந்திரத்தின் பெருமையைச் சொல்வார். வட்டியின் கணக்கை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.