பூட்டிய வீட்டுக்கு பீட் போலீஸ். உள்ளே ஓடும் பெட்டிக்கு யார்?

வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்பது போலீசார் வழக்கமாகச் சொல்வது. ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரர் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று அர்த்தம்.

அதே பூட்டிய வீட்டுக்குள் இப்போது ஒரு பெட்டியும் ஓடுகிறது. குடும்ப போட்டோ, பத்திர நகல், கடைக் கணக்கு எல்லாம் அதில். பெயர் ஹோம் சர்வர். மகன் பட்டணத்தில், பெட்டி ஊரில். சி.சி.டி.வி. ரெக்கார்டரும் இதற்குத் தம்பிதான். வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு. பெட்டிக்கு? வாங்கியபோது இருந்த அதே 'அட்மின்' பாஸ்வேர்டு!

2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் இப்படிப்பட்ட கேமரா, ரெக்கார்டர், ரூட்டர்களில் புகுந்தது. பெரிய கில்லாடித்தனம் ஒன்றும் இல்லை. கம்பெனிகள் போட்டுக் கொடுத்த சுமார் 60 பாஸ்வேர்டுகளை வரிசையாகத் தட்டிப் பார்த்தது, திறந்துகொண்டது. அக்டோபர் 21-ந்தேதி அந்தப் பெட்டிகளையே அடியாட்களாக ஏவி 'டின்' என்ற அமெரிக்க கம்பெனியைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் படுத்துவிட்டன. பெட்டிக்காரர்களுக்கோ சங்கதியே தெரியாது. அதுபாட்டுக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது!

2021 ஜூனில் நடந்தது இன்னும் கொடுமை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' பெட்டிகளை யாரோ வெளியிலிருந்தே துடைத்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் சேர்த்த படங்கள் அம்போ. 2015-க்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு கம்பெனி சாப்ட்வேர் திருத்தமே தரவில்லை. இன்டர்நெட்டிலிருந்து கழற்றுங்கள் என்று கம்பெனி சொன்னபோது, பலரிடம் வெறும் பெட்டிதான் மிச்சம்.

சத்தமில்லாத சாவு

திருடனை விடுங்கள். கரண்ட் போய் வந்ததும் பெட்டி எழுந்திருக்காது; டிஸ்க் நிரம்பி நின்றுவிடும். கல்லா உடைந்த மறுநாள் போலீசார் "ரெக்கார்டிங்கைப் போடுங்க" என்பார்கள். படம் எப்போதோ நின்றுபோயிருக்கும்!

"நமக்கு கம்ப்யூட்டர் தெரியாதே சார்" என்பது சரியான சால்ஜாப்பு. கரண்ட் மீட்டர் பார்க்கத் தெரிந்தால் இதுவும் தெரியும்.

செத்த பெட்டி தன் சாவுக்குத் தந்தி அடிக்காது. அதனால்தான் அந்த பட்டா புத்தக ஏற்பாடு இங்கேயும் வேண்டும். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை பெட்டி வெளியே உள்ள ஒரு சர்வீசுக்கு "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் சர்வீஸ்காரன் போனுக்குத் தகவல் அனுப்புவான். இது இலவசமாகவே கிடைக்கிறது. பெட்டிதான் வெளியே கூப்பிடுகிறது என்பதால் வெளியாளுக்குக் கதவு திறக்கிற வேலையும் இல்லை. பல ரெக்கார்டர்களில் டிஸ்க் கெட்டால் போனுக்குச் சொல்லும் வசதி உண்டு. அதை ஆன் செய்யத்தான் ஆள் இல்லை.

போனில் பார்க்கணும் என்றதும் ரூட்டரில் போர்ட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற மெக்கானிக்கை என்ன சொல்வது? திண்ணையில் சாவியை வைத்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வி.பி.என். போட்டுக் கொடு என்று கேளுங்கள். முழிக்கிற ஆளை அனுப்பிவிடுங்கள்.

மாசம் ஒரு தரம் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பாக்கி, 'ஸ்மார்ட்' ரிப்போர்ட்டில் டிஸ்க் நலமா, புதுத் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். பச்சை விளக்கை நம்பாமல் ஒரு பழைய போட்டோவைத் திறந்தும் பாருங்கள். ரெக்கார்டர் என்றால் போன வாரப் படத்தை ஓட்டிப் பாருங்கள், கடிகாரமும் சரியா என்று பாருங்கள். நேரம் தப்பாக உள்ள படத்தை கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

இதில் பாதி வேலை விற்கிறவர் செய்ய வேண்டியது. பாஸ்வேர்டை வாங்குகிறவர் கையாலேயே மாற்ற வைக்கட்டும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போனுக்குத் தகவல் வருகிறதா என்று எதிரிலேயே காட்டட்டும். வரும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்!