நகல் வேறு, போலி வேறு

போன கிழமை எங்கள் சுவரில் தொங்கும் குத்துச்சண்டைப் பட்டிகளின் படத்தைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே நச்சரிப்பு. "சேர், இந்த இமிடேஷன் சாமானுக்கா 45,000 ரூபா?" என்று ஒருவர். "கையில் குளோவ்ஸ் போடாத ஆளுக்கு எதுக்கு சம்பியன் பட்டி?" என்று இன்னொருவர். இரண்டாமவருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. மட்டையைத் தொடாதவர்களெல்லாம் இலங்கை அணியின் ஜேர்சி போட்டுக்கொண்டு திரிகிறார்கள், யாரும் கேட்பதில்லை.

முதலாமவருக்குச் சொல்ல இருக்கிறது. ஆசிரியர் கலாசாலை விடுதியில் ஒரே அறையில் கிடந்த நாலு பேர் நாங்கள். நியமனம் கிடைத்து நாலு ஊருக்குப் போன பிறகும் விடாமல் சேர்க்கிறோம். எங்களிடம் இருப்பதில் ஒன்றுகூட ஒரிஜினல் இல்லை. பெரும்பாலானவை பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்தவை. தகடு சிங்கக் கலவை, மேலே தங்க முலாம், வார் சிலதில் தோல், சிலதில் ரெக்சின். பின்பக்கம் "ரெப்ளிக்கா" என்று அடித்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அந்தப் பின்பக்கத்தைத்தான்.

நகல் என்றால் கேவலமா? பிறப்புச் சான்றிதழின் பிரதியில் "உண்மைப் பிரதி" என்று முத்திரை குத்தினால் பாடசாலை அனுமதிக்கே எடுக்கிறோம். அதே தாளைக் கொண்டுவந்து "இதுதான் மூலம்" என்றால் அது மோசடி. தாள் ஒன்றுதான், சொன்ன வார்த்தைதான் வேறு. எங்கள் பாடசாலைக் குத்துச்சண்டையே ஸ்டப்ஸ் கேடயம், டி.பி. ஜாயா கேடயம் என்று கேடயங்களின் பெயரில் நடக்கிறது. சுழல்கேடயம் என்றால் அடுத்த வருடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது. வென்ற பாடசாலையின் அலுமாரியில் கடைசிவரை நிற்பது அதன் சின்ன நகல். அதை யாரும் இமிடேஷன் என்று சொல்லிக் கேட்டதில்லை.

சரி, ஒரிஜினலின் மரியாதையையும் பார்ப்போம். 1992 டிசம்பரில் லெனொக்ஸ் லூயிஸுடன் மோத விரும்பாத ரிடிக் போவ், லண்டனில் கமராக்களுக்கு முன்னால் டபிள்யூ.பி.சி. பட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். மூன்று லொன்ஸ்டேல் பட்டிகளைச் சொந்தமாக்கிய ஒரே மனிதர் ஹென்றி கூப்பர், கடன் நெருக்க, மூன்றையும் 42,000 பவுணுக்கு விற்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அந்தச் செய்தியை வாசித்தால் இப்போதும் நெஞ்சு கனக்கும். ஆனால் 2017இல் மேவெதர் - மெக்ரெகர் சண்டைக்காக அதே டபிள்யூ.பி.சி. செய்த "மணி பெல்ட்" இருக்கிறதே! ஒன்றரைக் கிலோ தங்கம், 3,360 வைரம், 600 நீலம், 300 மரகதம். மெக்ரெகருக்குத் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுதான் முதல் சண்டை. டபிள்யூ.பி.ஏ.யோ ஒரே எடைப்பிரிவில் "சுப்பர்", "ரெகுலர்", "இடைக்கால" என்று மூன்று சம்பியன்களை வைத்திருந்த காலமும் உண்டு. ஒவ்வொரு பட்டிச் சண்டைக்கும் வீரர்களின் பணத்திலிருந்து அமைப்புக்கு ஒரு பங்கு போகிறது, பட்டி பெருகாமல் என்ன செய்யும்? ஒரு வகுப்பில் மூன்று பேருக்கு முதலாம் இடம் கொடுத்துவிட்டு மூவரின் வாப்பாமாரிடமும் காசு வாங்கினால் எங்களைச் சும்மா விடுவீர்களா?

இவ்வளவும் வெளியாருக்கு. இனி எழுதுவது எங்கள் ஆட்களுக்கு.

நசீம் ஹமீடை நினைவிருக்கும். ஷெஃபீல்டில் பிறந்த யெமன் பிள்ளை, கயிற்றுக்கு மேலால் கரணம் அடித்து ரிங்குக்குள் குதிப்பார். 1995இல் கார்டிஃபில் ஸ்டீவ் ரொபின்சனை வென்று டபிள்யூ.பி.ஓ. பட்டியை எடுத்தார். எங்கள் வயதுப் பையன்கள் தலையணையைக் குத்திப் பழகியது அவரைப் பார்த்துத்தான். அவர் எடுத்த அந்தப் பட்டியின் நகல் ஒன்றை, எங்களோடு பல வருடம் சேர்ந்து சேகரித்த ஒருவர், "நசீம் கையொப்பமிட்ட ஒரிஜினல்" என்று விற்றிருக்கிறார். வாங்கியவர் சவூதியில் 18 வருடம் வாகனம் ஓடிவிட்டு ஊர் திரும்பிய ஒரு நானா. மகனின் அறையில் மாட்டுவதற்காம். கொடுத்த தொகையை எழுத எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

படத்தை அனுப்பி "மாஷா அல்லாஹ், எப்படி இருக்கு?" என்று கேட்டார் நானா. இடது பக்கத் தகட்டில் ஆணி கீறிய கோடு. அந்த ஆணியை அடித்தது நாங்கள்தான், போன வருடம், அந்த விற்பனையாளரின் வீட்டுச் சுவரில். பின்பக்கத்தையும் அனுப்பச் சொன்னோம். "ரெப்ளிக்கா" இருந்த இடத்தை சாண்ட் பேப்பரால் தேய்த்திருந்தது. நசீமின் பெயரில் இருந்த கையெழுத்து கடையில் வாங்கும் மார்க்கர் பேனை.

தெரிந்த பிறகும் பத்து நாள் வாய் திறக்கவில்லை. சிநேகிதம், ஒரே தொழில், ஒரே ஊர் என்று ஆயிரம் சாட்டு. பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளையைப் பிடித்து உம்மா வாப்பாவைக் கூட்டிவரச் சொல்கிற நாங்கள்! நேற்று நானாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "பொடியனுக்கு இப்ப சொல்லாதீங்க தம்பி" என்றார், அவ்வளவுதான்.

விற்றவருக்கு: பெயர் போடவில்லை, ஆனால் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். வாங்கிய காசை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். பட்டியை நானாவே வைத்துக்கொள்ளட்டும், அழித்த எழுத்தை நாங்கள் திரும்பப் பொறித்துக் கொடுக்கிறோம். அதுவரை நீங்கள் வருகிற எந்தச் சந்திப்பிலும் நாங்கள் நாலு பேரும் உட்கார மாட்டோம்.