இருபது ஆண்டாகியும் முந்த முடியாத கிராமம்

வயதில் மூத்த அண்ணன்களிடம் காணொளி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால், அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். “எங்க காலத்து விளையாட்டு மாதிரி வருமா?” பாட்டுக்கும் இதே வசனம், படத்துக்கும் இதே வசனம். கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது.

‘ரெசிடென்ட் ஈவில் 4’ விஷயத்திலும் இதுதான் கதை. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2005 ஜனவரியில் நின்டெண்டோ கேம்கியூப் கருவிக்காக வெளியிட்ட அதிரடித் திகில் விளையாட்டு அது. அந்த வகையில் இன்றுவரை அதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை என்று அடித்துச் சொல்பவர்கள் ஏராளம். இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். நான் தொட்டிலில் கிடந்தேன். ஆனால் இதிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. அந்த விளையாட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் பள்ளி விடுமுறை நினைவுகள் நமக்கில்லை. 2023இல் வந்த அதன் மறுவடிவத்தை முதலில் ஆடி முடித்து, அதற்குப் பிறகு பழையதைத் தேடிப் பிடித்து ஆடியவன் நான். பழைய பாசம் என் கண்ணை மறைக்க வழியில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை, நடிப்பு, படத்தரம் எல்லாவற்றிலும் அது எப்போதோ முந்தப்பட்டுவிட்டது. ஆனால் கையில் துப்பாக்கி இருந்தும் பயப்பட வைப்பது எப்படி என்ற ஒன்றில் மட்டும் இன்னும் யாரும் அதை முந்தவில்லை. அதிரடித் திகில் என்ற வகையின் உயிர்நாடியே அந்த ஒன்றுதான்.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். அமெரிக்க அதிபரின் மகள் ஆஷ்லி கடத்தப்படுகிறாள். அவளைத் தேடி லியோன் கென்னடி என்ற அரசாங்க முகவர் ஸ்பெயினின் மூலையில் உள்ள ஒரு கிராமத்துக்குப் போகிறான். ஊர்மக்களின் உடலுக்குள் ஓர் ஒட்டுண்ணி புகுந்து அவர்களை ஆட்டிப் படைக்கிறது. அவ்வளவுதான். இலக்கியப் பரிசு பெறும் கதை இல்லை. இரத்தமும் வெட்டுக்குத்தும் நிறைய உண்டு. ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று வகைப்படுத்தப்பட்டது. உயர்நிலைப் பள்ளித் தம்பி தங்கைகள் இப்போதைக்குக் கட்டுரையைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1996இல் தொடங்கிய இந்தத் தொடரின் முதல் பாகங்களில் கேமரா சுவரில் மாட்டிய கண்காணிப்புக் கருவிபோல ஓரிடத்தில் நிலையாக நிற்கும். நாம் ஆட்டுவிக்கும் பாத்திரம் அதன் முன்னால் நடமாடும். நான்காம் பாகத்துக்காகப் பல வரைவுகளைத் தயாரித்துப் பார்த்துத் தூக்கி எறிந்தார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்று வளர்ந்து 2001இல் ‘டெவில் மே கிரை’ என்ற தனி விளையாட்டாகவே வெளிவந்தது. கடைசியில், முதல் பாகத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமியே இயக்குநர் பொறுப்பை ஏற்றார். கேமராவை லியோனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார்.

அந்தத் தோள்பட்டைக் கோணம் பிறகு பலரின் சொத்தாகிவிட்டது. 2006இல் ‘கியர்ஸ் ஆஃப் வார்’, 2008இல் ‘டெட் ஸ்பேஸ்’, 2018இல் ‘காட் ஆஃப் வார்’ என்று அந்தக் கோணத்தில் வந்த விளையாட்டுகளை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் கடன் வாங்கியவர்கள் பாதியைத்தான் வாங்கினார்கள். மறுபாதியை யாருக்கும் தொட மனமில்லை. அந்த மறுபாதி இதுதான்: லியோன் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்தால், அவன் கால்கள் நின்றுவிடும். ஓடலாம், அல்லது சுடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது.

இந்த ஒரு விதி என்ன செய்கிறது என்பதைத் தொடக்கக் கிராமக் காட்சியில் பார்க்கலாம். தூரத்தில் இருந்து தொலைநோக்கியில் ஊரை நோட்டம் விடுகிறோம். நடுத்திடலில் தீ எரிகிறது. லியோனுடன் வந்த காவல்காரர்களில் ஒருவர் அந்தத் தீயில் கருகிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் ஊர்மக்கள் அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் நம்மைப் பார்த்துக் கத்திவிட்டால் போதும், கோடரியோடும் கவர்க்கோலோடும் எல்லாரும் திரள்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் ஓடி, அலமாரியைத் தள்ளிக் கதவை அடைக்கிறோம். மேல்மாடியில் ஒரு ஷாட்கன் கிடைக்கிறது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் சன்னலில் ஏணியைச் சாய்க்கிறார்கள். ஏணியை உதைத்துத் தள்ளினால் வேறொரு பக்கம் கண்ணாடி உடைகிறது. வெளியே இயந்திர ரம்பம் உறுமும் சத்தம். தலையில் சாக்குப்பையை மாட்டிய ஒருவன் வருகிறான். அந்த ரம்பம் ஒரு முறை பட்டால் ஆட்டம் முடிந்தது.

நன்றாகக் கவனித்தால் ஒன்று தெரியும். அந்த ஊர்மக்கள் தூரத்தில் இருக்கும்போது ஓடி வருவார்கள். பக்கத்தில் வந்ததும் நடையைத் தளர்த்துவார்கள். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. நாம் நின்றுகொண்டு சுட வேண்டிய நேரத்தில் அவர்கள் மெதுவாக, உறுதியாக நெருங்குகிறார்கள். முதுகுப் பக்கம் நமக்குத் தெரியாது. நகரவும் முடியாது. இன்னொரு தோட்டா சுடலாமா, இப்போதே திரும்பி ஓடலாமா? அந்த அரை விநாடித் தயக்கத்தில்தான் பயம் பிறக்கிறது. தேர்வு மண்டபத்தில் கடைசிக் கேள்வியை எழுதுவதா, எழுதியதைச் சரிபார்ப்பதா என்று தவிப்போமே, கிட்டத்தட்ட அதே தவிப்பு.

எங்கே சுடுவது என்பதும் அப்படித்தான். முழங்காலில் சுட்டால் எதிரி தடுமாறுவான். ஓடிப்போய் ஓர் உதை விட்டால் பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்து விழுவார்கள். ஒரு தோட்டாவில் மூன்று பேர். ஆனால் உதைக்க வேண்டுமானால் கூட்டத்துக்குள் போக வேண்டும். தலையில் சுடுவதுதானே எல்லா விளையாட்டிலும் பாதுகாப்பான வழி? அதையும் விட்டு வைக்கவில்லை. கொஞ்சம் பழகியதும், தலை போன இடத்திலிருந்து ஒட்டுண்ணி வெளியே சீறுகிறது. நேற்றுவரை கைகொடுத்த பழக்கம் இன்று காலை வாருகிறது. இதற்கெல்லாம் அடியில் நமக்குத் தெரியாமல் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. அடிக்கடி செத்தால் விளையாட்டு சற்று இளகிக் கொடுக்கும். வெளுத்து வாங்கினால் இறுக்கிப் பிடிக்கும். திரையில் இதைப் பற்றி ஓர் அறிவிப்பும் வராது.

இந்த விதியின் உச்சம் கடைசித் தீவில் வரும் ‘ரீஜெனரேட்டர்’. சுட்டால் கை கால் அறுந்து விழும், உடனே முளைத்துவிடும். அதன் உடலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகளை வெப்பத்தைக் காட்டும் குறிநோக்கி வழியாகத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். அந்தக் குறிநோக்கியில் கண்ணை வைத்தால் சுற்றியுள்ள எதுவும் தெரியாது. அது ஓடி வருவதில்லை. கரகரவென்று மூச்சு வாங்கியபடி நடந்து வருகிறது. நாம் நிற்கிறோம். அந்த மூச்சுச் சத்தம் கேட்ட இரவு, விடுதி அறையின் விளக்கை அணைக்காமலே தூங்கினேன்.

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம். “நடந்துகொண்டே சுட முடியாதது ஒரு குறை. அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் அவ்வளவுதான். அதைப் போய்க் கலை என்கிறாயே?” என்று என் அறைத்தோழன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் 2001இலேயே ‘ஹேலோ’ வந்துவிட்டது, ‘மேக்ஸ் பெய்ன்’ வந்துவிட்டது. ஓடிக்கொண்டே சுடுவது 2005இல் யாருக்கும் புதிதில்லை. முந்தைய பாகங்களிலும் நின்றுதான் சுட வேண்டும் என்பது உண்மை. அந்த மரபை விட்டுவிட வசதி இருந்தும் விடாமல், எதிரிகளின் நடை, தெருவின் அகலம், வீட்டின் வாசல் எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். இயலாமையாக இருந்தால் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்காது.

பெரியம்மா மகன் இதற்கு நேர் எதிர். முப்பதைத் தாண்டியவர், பழையதில் ஒரு குறையும் இல்லை என்பார். “தம்பி, அதுல கைவைக்கவே கூடாது!” அண்ணன் மன்னிக்கட்டும், குறைகள் இருக்கின்றன. திடீரென்று திரையில் தோன்றும் பொத்தானை அந்தக் கணமே அழுத்தாவிட்டால் மரணம் என்ற பகுதிகள் வெறும் எரிச்சல். ஆஷ்லி பாதி விளையாட்டுக்கு “காப்பாற்று” என்று கூவுவதற்காகவே படைக்கப்பட்டிருக்கிறாள். அவளைப் படம்பிடித்த விதமும் சில இடங்களில் முகம் சுளிக்க வைக்கிறது. கதை நடப்பது 2004இல். ஸ்பெயின் 2002லேயே யூரோவுக்கு மாறிவிட்டது. ஆனால் இந்த ஊரில் இன்னும் பெசட்டா காசு புழங்குகிறது! ஊர்மக்கள் பேசுவதும் ஸ்பெயின் நாட்டு உச்சரிப்பில் அல்ல, லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆனால் திரைப்படத்தில் யாழ்ப்பாணத்துப் பாட்டி சென்னைத் தமிழ் பேசினால் நமக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றை 2023 மறுவடிவம் சரிசெய்துவிட்டது. ஆஷ்லி மனிதப் பிறவியாகிவிட்டாள். பொத்தான் தொல்லை ஏறக்குறைய ஒழிந்தது. இருட்டு உண்மையிலேயே இருட்டாக இருக்கிறது. நீண்ட விடுமுறையில் ஒன்றை மட்டும் ஆட நேரம் இருக்கிறது என்று கேட்டால், தயங்காமல் மறுவடிவத்தைத்தான் கைகாட்டுவேன். ஆனால் அதில் லியோன் நடந்துகொண்டே சுடுகிறான். அதற்கு ஈடாக எதிரிகள் வேகமாகப் பாய்கிறார்கள். அவர்களைச் சமாளிக்க அவன் கத்தியால் அடியைத் தடுக்கிறான். இயந்திர ரம்பத்தைக்கூடக் கத்தியால் தடுத்துவிடுகிறான்! அருமையான சண்டைதான். ஆனால் அங்கே கைவேகம் பேசுகிறது. பழையதில் முடிவு பேசியது. ரம்பக்காரன் வந்தபோது புதியதில் நான் தடுக்கும் பொத்தானைத் தேடினேன். பழையதில் வாசலைத் தேடினேன்.

கேப்காம் தானே பல முறை முயன்றது. 2009இல் வந்த ஐந்தாம் பாகத்திலும் நின்றுதான் சுட வேண்டும். ஆனால் பக்கத்தில் எப்போதும் ஒரு துணை. இருவராகப் போனால் பேய்வீடும் சுற்றுலாதானே! 2012இல் ஆறாம் பாகம் நடந்துகொண்டே சுடும் வசதியைக் கொடுத்து, வெடியும் புகையுமாக நிரப்பியது. திகில் காணாமல் போனது. 2017இல் ஏழாம் பாகம் பயத்தை மீட்டது, ஆனால் அதற்காக அதிரடியைக் குறைத்துக்கொண்டது. 2021இன் ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ மறுபடியும் கிராமம், கோட்டை, வியாபாரி என்று பழைய பொருள்களையெல்லாம் மேசைமேல் பரப்பியது. கூட்டம் சூழும் முதல் கிராமக் காட்சியும் உண்டு. எல்லாம் இருந்தும் கால் நிற்கவில்லை. வெளியே பார்த்தால் ‘டெட் ஸ்பேஸ்’ மட்டுமே நெருங்கி வந்தது. அதில் தலையை விட்டுக் கைகால்களைக் குறிவைக்க வேண்டும். எங்கே சுடுவது என்ற கேள்வியை அவர்கள் இன்னும் கூர்மையாக்கினார்கள் என்பேன். நிற்பதா போவதா என்ற கேள்வியை விட்டுவிட்டார்கள்.

ஆகவே முந்தவில்லை என்று சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். அந்தத் தடத்தில் வேறு யாரும் ஓடவே இல்லை. இன்று ஒரு விளையாட்டில் ஆட்டக்காரரின் காலைக் கட்டிப்போட்டால், வெளிவந்த அன்றே அதைக் கோளாறு என்றுதான் புகார் செய்வார்கள். என் அறைத்தோழன் முதல் ஆளாகச் செய்வான். பெரிய முதலீடு போடும் நிறுவனம் அந்த வம்பை விலைக்கு வாங்காது. வாங்கக்கூடியவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து சிறிய அளவில் விளையாட்டு உருவாக்குபவர்கள்தான். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், இறுதித் திட்டப்பணியில் ஒரு முறை செய்து பாருங்கள்.

மறுவடிவத்தை மட்டும் ஆடிய 18 வயது நிரம்பியவர்களுக்கு என் பரிந்துரை சின்னதுதான். பழையதில் அந்த முதல் கிராமத்தை மட்டுமாவது ஆடுங்கள். சில நிமிடங்கள் உயிரோடு தாக்குப்பிடித்தால் தேவாலய மணி அடிக்கும். ஊர்மக்கள் ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல் வரிசையாகப் போய்விடுவார்கள். அப்போது கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் உங்கள் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள்.