இரட்டை எழுத்துக் காசு: வாங்க முன்னும் விற்க முன்னும்



போன வாரம் இடைவேளையில் எங்கள் தரம் எட்டு மாணவன் ஒருவன் ஒரு காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "சேர், இது லட்சக்கணக்கில போகுமாம். வாப்பா போன்ல பார்த்தாங்க" என்றான். 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சதக் காசு. வெளிநாட்டிலிருந்து வந்த கூட்டாளி ஒருவரிடம் அவனுடைய வாப்பா 15,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். ஆண்டின் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரிந்தது. விஞ்ஞான கூடத்துக் கைவில்லையை வைத்துப் பார்த்தோம். அவர்கள் நினைத்த காசு அதுவல்ல. அந்தப் பிள்ளையிடம் அதைச் சொல்வது எங்களுக்கு லேசாக இருக்கவில்லை.

இப்படியான காணொளிகள் இப்போது எல்லோர் போனிலும் வருகின்றன. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

காசு எப்படி அடிக்கப்படுகிறது என்று தெரிந்தால் பாதி விடயம் விளங்கிவிடும். முதலில் ஒரு தாய் அச்சை உருக்குத் துண்டில் அழுத்தி, காசு அடிக்கும் அச்சைச் செய்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு தடவை அழுத்தினால் உருவம் முழுதாகப் பதியாது. திரும்பவும் அழுத்த வேண்டும். இரண்டாம் தடவை அச்சு சற்றுத் திரும்பியிருந்தால் எழுத்துகள் அச்சிலேயே இரட்டையாகிவிடும். பிறகு அந்த அச்சால் அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை அதே இடத்தில் வரும். இதுதான் உண்மையான 'டபுள் டை'.

1955இல் பிலடெல்பியா நாணயசாலையில் நடந்தது அதுதான். அந்தக் காசுகளில் 20,000க்கு மேல் வெளியே போனதாகச் சொல்லப்படுகிறது. அவற்றில் ஆண்டு மட்டுமல்ல, முன்பக்கத்து எழுத்துகள் எல்லாமே வெறுங்கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரியும். பின்பக்கம் சாதாரணமாகவே இருக்கும். அவை ஆயிரம் டொலருக்கு மேல் விலைபோகின்றன. அதனால் போலிகளும் உண்டு.

இனி, உண்மையானதைப் போலத் தோன்றி ஏமாற்றுபவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, அடிக்கும்போது அச்சு ஆடுவதால் வருவது. காசு அடிபட்ட கையோடு அச்சு சற்று அசைந்து, எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். அங்கே இரண்டாவது எழுத்து உருண்டு எழும்பி நிற்காது. தட்டையாக, பளபளப்பாக, படிக்கட்டுப் போலப் பதிந்து கிடக்கும். எழுத்தும் வழமையைவிட மெலிந்துவிடும். உண்மையான இரட்டையில் எழுத்து தடிக்கும். இரண்டு உருவமும் உருண்டு எழும்பி நிற்கும். எழுத்தின் மூலைகளில் பிளவுபட்ட வெட்டு ஒன்று தெரியும். அந்த வெட்டைத்தான் கைவில்லையால் தேட வேண்டும்.

இரண்டாவது, அச்சுத் தேய்வதால் வருவது. ஆயிரக்கணக்கான காசுகளை அடித்து அச்சுக் களைத்துவிட்டால் எழுத்தின் ஓரம் ஊதி, மங்கி, நிழல் விழுந்தாற்போல் இருக்கும். வெட்டு இருக்காது. அந்த மாணவன் கொண்டுவந்தது இந்த வகைதான். அதே 1955இல் கடைசி 5 மட்டும் இப்படி இரட்டையாகத் தெரியும் காசுகள் நிறைய உண்டு. சேகரிப்பவர்கள் அதற்கு 'ஏழையின் டபுள் டை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். விலை மிகச் சொற்பம்.

மூன்றாவது, அச்சில் விழும் வெடிப்பு. அச்சு வெடித்தால் காசில் மெல்லிய கோடு மேலெழும்பி நிற்கும். கோடு உள்ளே பள்ளமாக இருந்தால் அது பின்னால் யாரோ கீறியது. நகத்தால் தடவினாலே பெரும்பாலும் விளங்கும். இரண்டுமே டபுள் டை அல்ல.

அடுத்த நாள் அவனுடைய வாப்பா பாடசாலைக்கு வந்தார். விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சேர், நான் வாங்கின விலைக்கே வேறொருத்தருக்குக் குடுத்தா என்ன? எனக்கும் தெரியாமத்தானே தந்தாங்க" என்றார்.

அவருடைய கஷ்டம் எங்களுக்கு விளங்காமல் இல்லை. 15,000 ரூபாய் என்பது கூலி வேலை செய்யும் ஒருவருக்குச் சின்னக் காசா? ஆனாலும், "நேற்று வரைக்கும் உங்களுக்குத் தெரியாது, இன்றைக்குத் தெரியுமே நானா" என்றுதான் சொன்னோம். குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அரிசிக்கும் துணிக்கும் உள்ள அந்தச் சட்டம் ஒரு சதக் காசுக்கு இல்லாமல் போகாது. அவர் பதில் சொல்லவில்லை. காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

எங்கள் அபிப்பிராயம் இதுதான். பழைய காசு சேர்ப்பது நல்ல பழக்கம். பிள்ளைகளுக்குச் சரித்திரமும் விஞ்ஞானமும் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் காணொளியைப் பார்த்த வேகத்தில் காசைக் கொடுக்காதீர்கள். எழுத்து தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா? உருண்டிருக்கிறதா, தட்டையா? மூலையில் வெட்டு இருக்கிறதா? அச்சில் விழுந்த இரட்டையாக இருந்தால் அதே காசின் படம் வேறு இடத்திலும் இருக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் வாங்காமல் விடுங்கள்.

கைவில்லை எங்கள் பாடசாலையில் இருக்கிறது. வீட்டில் அப்படியான காசு இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். வேறு யாருக்கும் விற்க முன் கொண்டுவாருங்கள்.