வாத்தியார் படிப்புக்கு விலைச்சீட்டு

மகள் பட்டப் படிப்பை முடித்துவிட்டாள். மேலூரானாலும் சரி, உசிலம்பட்டியானாலும் சரி, அப்போது தாய்மார்கள் சொல்லும் சொல் ஒன்றுதான். "பி.எட். படிக்க வைத்துவிட்டால் டீச்சர் ஆகிவிடுவாள்." நெல் விற்ற பணம் போதாவிட்டால், கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது.

ஆசிரியர் பயிற்சி இப்படி விலைச் சரக்கானது எப்படி?

முன்பு மதுரையில் வாத்தியார்களை உருவாக்கியவர்கள் அதைக் கடையாக நடத்தவில்லை. அமெரிக்க மிஷனார் 1845ல் பசுமலையில் பள்ளி தொடங்கினார்கள். கிராமங்களுக்கு உபாத்தியாயர்கள் அங்கிருந்து போனார்கள். பின்னர் மில் அதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியார் ஆசிரியர் கல்லூரி ஒன்றை நிறுவினார். அது அரசு உதவி பெறும் கல்லூரி. தனியார் தொட்டதெல்லாம் கெட்டுவிடும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இவையே சாட்சி. 1986ம் ஆண்டுக் கல்விக் கொள்கையின்படி மாவட்டந்தோறும் அரசுப் பயிற்சி நிறுவனம் வந்தது. மதுரை மாவட்டத்துக்கு அது தே.கல்லுப்பட்டியில் அமைந்தது.

இதற்கிடையே வேறு ஒரு கருத்து உலகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃபிரீட்மன் 1955ல் ஒரு கட்டுரை எழுதினார். படிப்புக்குச் சர்க்கார் பணம் கொடுக்கட்டும். பள்ளியைச் சர்க்காரே நடத்த வேண்டியதில்லை. போட்டி இருந்தால் தரம் உயரும். அவர் வாதத்தின் சுருக்கம் இதுதான். 1991ல் இந்தியா பொருளாதாரக் கதவைத் திறந்தது. அந்தக் காற்று கல்விச் சாலைக்குள்ளும் புகுந்தது. ஃபிரீட்மனாவது சர்க்கார் பணம் தரட்டும் என்றார். இங்கே அந்தப் பாதி மட்டும் காணாமல் போயிற்று!

தேசிய ஆசிரியர் கல்விக் குழுவுக்கு 1993ல் சட்டம் வந்தது. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருவது அதன் வேலை. கல்வி நிலையம் நடத்துவதும் ஒரு தொழிலே, ஆனால் லாப வேட்டை கூடாது என்று 2002ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. முதல் பாதி பலர் காதில் விழுந்தது. தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிகள் பெருகிச் சுமார் 700ஐ எட்டின. அவற்றில் அரசுக் கல்லூரிகள் 7. உதவி பெறுபவை 14. மற்றவை சுயநிதி.

போட்டியால் தரம் உயர்ந்ததா? விளக்குத்தூண் பக்கம் புடவை வாங்குகிறவள் துணியைத் தொட்டுப் பார்க்கிறாள். சாயம் போனால், மறுமுறை அந்தக் கடைப் படியை மிதிக்கமாட்டாள். பி.எட். பட்டமோ வாழ்நாளில் ஒரு முறை வாங்குவது. அதன் சாயம் போவது எங்கே தெரியும்? கணக்கு விளங்காமல் விழிக்கும் ஆறாம் வகுப்புப் பையனிடம் தெரியும். அவன் எந்தக் கடைக்கும் போகவில்லை, எதையும் வாங்கவில்லை. ஆனால் நஷ்டம் அவனுக்கு. வகுப்புக்கு வராமலே சான்றிதழ் வேண்டும் என்று கேட்கிறவருக்கும், சரி என்று தலையாட்டும் கல்லூரிக்கும் இதில் இருவருக்கும் லாபம்தான். இந்த வியாபாரத்தில் போட்டி என்ன செய்யும்?

2012ல் நீதிபதி வர்மா கமிஷன் இதைச் சொல்லிற்று. நாட்டின் ஆசிரியர் பயிற்சி நிலையங்களில் சுமார் 90 சதவீதம் அரசு சாராதவை. அரசு தன் சொந்த முதலீட்டைப் பெருக்க வேண்டும். படிப்புக் காலத்தையும் நீட்ட வேண்டும் என்றது. 2015 முதல் பி.எட். ஓராண்டிலிருந்து இரண்டாண்டு ஆயிற்று. கட்டணமும் இரண்டாண்டுக்கு ஆயிற்று. ஆனால் அரசுக் கல்லூரிகள் பெருகவில்லை. 2025ல் மறுபடியும் ஒரு சாராருக்கு ஓராண்டுப் படிப்பு என்று வரைவு விதி வந்தது.

பயிற்சியைச் சந்தையிடம் விட்ட சர்க்கார், வாசலில் சல்லடையோடு நிற்கிறது. தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. லட்சக்கணக்கானோர் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் போதாது என்று குமுறல் எழுந்தது. அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். அப்போதும் தேறியவர்கள் சொற்பமே. 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு தீர்ப்பு அளித்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும் என்றது. தேறாதவரிடம், பட்டம் கொடுத்த கல்லூரி வாங்கிய பணத்தைத் திருப்பித் தருமா?

தேர்வு வேண்டாம் என்பதல்ல. சோறு வடிக்கும் பொறுப்பை விட்டுவிட்டு, பதம் பார்க்கும் வேலையை மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்பதே கேள்வி.

அந்த 7 அரசு பி.எட். கல்லூரிகளில் ஒன்றுகூட மதுரையில் இல்லை. உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைக்காத மதுரைப் பெண், புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியை அடகு வைக்க வேண்டும். மதுரைக்கு ஓர் அரசுக் கல்லூரி வேண்டும். அதில் பயிலும் பிள்ளைகள் பயிற்சி பெற, சுற்றிலும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அடுத்த பட்ஜெட்டில் இதற்குப் பணம் ஒதுக்கப்படுமா என்று மதுரை வட்டாரத்துச் சட்டசபை அங்கத்தினர்கள் கேட்கலாம்.