கிழட்டு மோட்டாரின் மூச்சு

அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. ஆயினும் கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கு அந்த வண்டியிலேதான் போவேன் என்னும் குடும்பஸ்தரை நாம் குறை சொல்லமாட்டோம். கிழ வண்டிக்கு வரும் வியாதியோ மெல்ல மெல்ல வருவது. மேட்டில் திணறல், பெட்ரோல் செலவும் அதிகம். 'எஞ்சினை இறக்கவேண்டியதுதான்' என்று பட்டறையில் தீர்ப்பாகிவிடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

முதலில் பெட்ரோலின் பங்கைக் கழித்துவிடுங்கள். 2022-ல் 10 சதவீதமாயிருந்த எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதமாயிற்று. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்குச் சுமார் 7 சதவீத சக்தி போயிற்று. நஷ்டம் அதைவிட மிகுதியானால் வண்டியைச் சந்தேகிக்கலாம்.

அதையும் செலவில்லாத இடத்திலே தொடங்குவோம். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. (பழி மட்டும் எஞ்சின்மேல்!) பிறகு ஏர் பில்டர், பாயிண்ட் இடைவெளி, வால்வு இடைவெளி. கடைசியில்தான் கம்ப்ரெஷன் பரீட்சை. ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தால், அதில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வுதான். வால்வுக்காக எஞ்சினை இறக்கவேண்டியதில்லை. ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.